கேரவன்காரர்களுக்கு ஒரு ஹெவி பாடம்

பெங்களூர்ப் பக்கம் தவிர, மைசூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரு மலைப்பாதை வந்துவிடும். குண்டல்பேட், பந்திப்பூர் தாண்டினால் கூடலூர் ஏற்றம். முத்தங்கா வழியாக வயநாட்டைக் கடந்தால் தாமரசேரி சுரத்தின் 9 கொண்டை ஊசிகள். சாம்ராஜ்நகர் தாண்டிச் சத்தியமங்கலம் இறங்கினால் திம்பத்தின் 27. நாமக்கல் லாரியில் கிளீனராக ஏறிய நான் அந்தத் திம்பத்தில்தான் தொழில் கற்றேன். இப்போது மைசூரில் ஹெவி லைசென்ஸுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சமீப காலமாக வேறு வகை ஆட்களும் தேடி வருகிறார்கள்: ஓய்வு பெற்றதும் டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றிக்கொண்டவர்கள். பெரும்பாலும் பின்பக்க மூலை நசுங்கிய பிறகுதான் வருவார்கள்.

வந்ததும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "மாஸ்டர், முப்பது வருஷமா கார் ஓட்டுறேன், எனக்கு எதுக்கு ஹெவி?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோ வரை இலகுரக வாகனம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அந்த வரம்புக்குள் வாடகை வண்டியானாலும் அதே லைசென்ஸ் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் சொல்லிவிட்டது. ஆகவே நேற்று வரை ஆல்டோ ஓட்டியவர் இன்று கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கூரை ஏசியோடு ஊட்டிக்குக் கிளம்பலாம். போலீஸ் தடுக்காது, வளைவு தடுக்கும்.

காரில் முன்சக்கரத்தைத் திருப்பினால் மற்றது தானே வந்துவிடும். நீள வண்டியில் அப்படி இல்லை. கொண்டை ஊசியில் உள்பக்கப் பின்சக்கரம் ஓரத்தை வெட்டிக்கொண்டு சாக்கடைக்கு இழுக்கும். பின் அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பெட்டி எதிர்ப்பக்கம் வீசும். இடப்பக்கம் ஒடித்தால் வலது பின்மூலை பக்கத்து வண்டியைத் தொடும். அதனால்தான் லாரிக்காரர் கண் பாதி நேரம் கண்ணாடியில் இருக்கிறது. என் மைதானத்தில் டிரம்களை வைத்து இதைத்தான் முதலில் பழக்குவேன். ரிவர்ஸுக்கு இறங்கி நின்று "ரைட், ரைட்" சொல்ல ஓர் ஆள் வேண்டும். மனைவி அந்த வேலையை நன்றாகச் செய்வார், அவர் சொல்வதை ஓட்டுபவர் கேட்டால்.

அடுத்தது எடை. சாமான் எல்லாம் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, ஆட்களோடு எடை மேடையில் ஏற்றச் சொல்வேன். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. பாதி நிரம்பிய தொட்டி கட்டாத ஆடு மாதிரி. நீங்கள் இடப்பக்கம் திரும்பினால் அது வலப்பக்கம் ஓடும். மலைக்குப் போகும்போது முழுக்க நிரப்புங்கள், அல்லது காலி செய்துவிடுங்கள்.

ஆனால் உயிரை எடுப்பது இறக்கம். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது லாரிக்காரர்களின் பழைய கணக்கு. எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் தன் வேலைக்குக் காத்திருக்கும். கார்க்காரர் கால் பிரேக்கிலேயே தங்கிவிடும். நாலு டன் வண்டியை அப்படி மைல்கணக்கில் இறக்கினால் லைனிங் காய்ந்து பிடிப்பு போகும். சூடு ஏறினால் பிரேக் ஆயிலே கொதிக்கும், பெடல் பஞ்சாக இறங்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது இதைவிட மோசம். எஞ்சினையே அணைத்துவிட்டால் பூஸ்டரும் இல்லை, பவர் ஸ்டியரிங்கும் இல்லை. பிரேக் நாற்றம் மூக்கில் ஏறினால் ஓரம் கட்டி ஆற விட வேண்டும். சுடும் டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஊட்டியிலிருந்து மைசூர் திரும்ப மசினகுடி வழி குறுக்குவழி. கல்லட்டி மலைப்பாதை, 36 வளைவு, செங்குத்து இறக்கம். 2018 அக்டோபரில் சென்னைச் சுற்றுலாப் பயணிகளின் கார் அங்கே பள்ளத்தில் விழுந்து 5 பேர் இறந்தார்கள்; விபத்து வெளியே தெரியவே இரண்டு நாள் ஆனது. வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்கக் கட்டுப்பாடு வந்தது. அது இருக்கும்வரை கூடலூர் வழியே திரும்புங்கள்.

இன்னொன்று, நேரம். சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கு, 2025 வரை நடப்பில் இருந்த 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம் என்றது, 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் அரை மணி ஓய்வு என்றது. எத்தனை முதலாளிகள் மதித்தார்கள் என்பது வேறு கதை. சொந்த வண்டிக்காரருக்கு அப்படி ஒரு சட்டம்கூட இல்லை. பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை பாதை மூடுவது 2009 முதல் நடைமுறை. கேட் மூடுமுன் காட்டைத் தாண்ட எட்டரை மணிக்குப் பறக்கிற கேரவனைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். வண்டியிலேயே கட்டில் இருக்கிறதே, குண்டல்பேட்டில் படுத்தால் என்ன?

2021 விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் இலகுரகத்துக்கு 29 மணி நேரம், நடுத்தர, கனரக வாகனத்துக்கு 38 மணி நேரம். வித்தியாசம் 9 மணி நேரம். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆனவர் கனரகத்துக்கு விண்ணப்பிக்கலாம். நாமக்கல்லில் அசோக் லேலண்ட் பயிற்சி மையம் இருக்கிறது, கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பள்ளி இருக்கிறது. மைசூரில் இருப்பவர்கள் பக்கத்து ஹெவி டிரைவிங் ஸ்கூலில் விசாரியுங்கள். கேரவனுக்கு மெத்தையும் திரையும் தேர்ந்தெடுக்கும் முன்பே போய்ச் சேருங்கள். உங்களோடு பேரப்பிள்ளைகளும் ஏறப்போகிறார்கள்.