நாற்காலி போட மட்டும்தானா?

'இந்தக் காலத்துப் பசங்களுக்கு நாட்டு நடப்பில் அக்கறையே இல்லை' என்று யாராவது சொன்னால், அவரை மதியம் ஒன்றே கால் மணிக்கு எந்த ஆபீஸ் கான்டீனுக்காவது அழைத்துப் போங்கள். அமெரிக்க அதிபர் என்ன செய்யவேண்டும், இந்திய டீமில் மூன்றாவதாக யார் இறங்கவேண்டும், வருமான வரியை எத்தனை சதவிகிதம் குறைக்கவேண்டும்... அத்தனையும் தயிர் சாதம் தீர்வதற்குள் தீர்மானமாகிவிடும்! "அதெல்லாம் சரிப்பா, உன் வார்டு கவுன்சிலர் பேர் என்ன?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவசரமாக ஊறுகாயைத் தேடுவார்கள்.

அக்கறை இல்லாமல் இல்லை சார். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்கள் யார்? தலைவர் கிடையாது, கட்சிக் கொடி கிடையாது, லாரி வைத்து அழைத்து வரவில்லை. ஒரு வாரம் மணலில் உட்கார்ந்தார்கள். அவசரச் சட்டம் வந்தது. கடற்கரையில் அப்படிக் கூடத் தெரிந்தவர்களுக்கு, சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துத் திண்ணை மட்டும் ஏன் கசக்கிறது?

திண்ணை என்றது கிராம சபையை. பலருக்கு இது 'பெரிசுகள் சமாசாரம்'. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1989-ல் ஓட்டுப் போடும் வயதை 21-லிருந்து 18-க்கு இறக்கினார்கள். 1993-ல் அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் அமலுக்கு வந்தது. அதன்படி ஊர் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால், நீங்கள் கிராம சபை உறுப்பினர். அவ்வளவுதான்! தேர்தலில் நிற்க வேண்டாம், டெபாசிட் கட்ட வேண்டாம், சுவரில் கைகூப்பிச் சிரிக்க வேண்டாம். எம்.எல்.ஏ. ஆக 25 வயது ஆகவேண்டும். ஊராட்சித் தலைவராக 21. எழுந்து நின்று "கணக்கைக் காட்டுங்க" என்று கேட்க 18 போதும்.

கேட்டால் என்ன ஆகும்? கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

2022-ல் காந்தி ஜெயந்தி ஞாயிற்றுக்கிழமையில் வந்து, ஒரு நாள் லீவை அநியாயமாக விழுங்கியது ஞாபகம் இருக்கிறதா? நல்லவேளை, செவ்வாயும் புதனும் ஆயுத பூஜை, விஜயதசமி. திங்களுக்கு ஒரு லீவ் லெட்டரைக் கொடுத்துவிட்டு, கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

எங்கள் ஊர் கிராம சபையில் இளைஞர் பங்கேற்பு என்றால் இதுதான்: பந்தல்காரரிடமிருந்து நாற்காலி கொண்டுவந்து போடுவது, மைக் கட்டுவது, டீ வாங்கி வருவது. கூட்டம் ஆரம்பித்ததும் கிரவுண்டுக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு நாற்காலியைப் போட்டவர்கள் அதிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நாற்பது பேர் இருக்கும்!

காரணம், அந்தக் கிரவுண்டுதான். அங்கே குப்பை தரம் பிரிக்கும் கொட்டகை கட்டுவதாகத் தீர்மானம் வரப்போகிறது என்று முதல் நாள் ராத்திரியே வாட்ஸ்அப்பில் பரவிவிட்டது.

கேள்விகள் கிளம்பின. தலைவர் ஒரு பெண்மணி. ஆனால் மைக்கைப் பிடித்துப் பதில் சொன்னவர் அவருடைய வீட்டுக்காரர். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் எழுந்து, "ஐயா, நாங்க தலைவரம்மாகிட்டதானே கேட்டோம்?" என்றாள். சபை கொல்லென்று சிரித்தது. மைக் கை மாறியது. அந்த அம்மா கொஞ்சம் தயங்கினாலும் தெளிவாகவே பேசினார். 'அட, இவருக்கு இவ்வளவு விவரம் தெரியுமா!' என்று ஊரே ஆச்சரியப்பட்டது.

ஒரு பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "பெரியவங்க பேசுற எடத்துல சின்னப் பசங்களுக்கு என்னடா வேலை?"

என் சித்தப்பா பையன், வயது பத்தொன்பது, பவ்யமாகச் சொன்னான்: "நாற்காலி தூக்குறப்ப நாங்க சின்னப் பசங்க இல்லியே, பெரியப்பா?"

பையன்கள் கைதட்டினார்கள். 'ஜெயிச்சாச்சு' என்றே நினைத்துவிட்டார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து, ஊரைப் பெருக்கும் தூய்மைக் காவலர் அக்கா ஒருவர் எழுந்தார். "தம்பிகளா, நீங்க சாயங்காலம் ஒரு மணி நேரம் வெளையாடுறீங்க. நாங்க காலைலேர்ந்து வெயில்ல நின்னு உங்க வீட்டுக் குப்பையைப் பிரிக்கிறோம். எங்களுக்கு ஒரு நெழல் வேணாமா?"

ஒருவரும் பேசவில்லை. கிரவுண்டுக்காக வந்தவர்கள், கொட்டகை யாருக்காக என்பதை அப்போதுதான் கேட்டார்கள். ஒரே ஊர். தினமும் பார்க்கிற முகம். இந்தப் பேச்சு மட்டும் அதுவரை நடந்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன், "தண்ணி டேங்க்குக்குப் பின்னாடி கருவை மண்டிக் கெடக்கே, அங்க கட்டலாமா? கருவையை நாங்களே வெட்டித் தர்றோம்" என்றான். ஊராட்சிச் செயலர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அது புறம்போக்குதான் என்றார். அந்த அக்காவைக் கேட்டார்கள். "ரோட்டுக்குப் பக்கம்தான். வண்டி தள்ள சுலபம்" என்றார். தீர்மானம் திருத்தி எழுதப்பட்டது. வெட்டித் தருகிறேன் என்றவர்கள் வெட்டியும் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் கொட்டகை எழும்பியது.

'ஊரே திருந்திவிட்டது' என்று முடிக்க ஆசைதான். ஆனால் அடுத்த மாதம், நவம்பர் 1 கூட்டத்துக்கு நாற்பது பேரில் ஒன்பது பேர்தான் வந்தார்களாம். சித்தப்பா பையன் போனில் சொல்லி வருத்தப்பட்டான். "ஏன்டா, முன்னாடி எத்தனை பேரு?" என்றேன். "சைபர்" என்றான். சைபரிலிருந்து ஒன்பது! எந்தக் கம்பெனி மானேஜர் இதைக் குறைச்சல் என்பார்? அந்த ஒன்பது பேர் தெருவிளக்குச் செலவுக் கணக்கை வரி வரியாகக் கேட்டிருக்கிறார்கள்.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். முடிவெடுத்த பிறகு கைதட்டக் கூப்பிட்டால் இளைஞன் வரமாட்டான். வருவதற்கு அவன் என்ன முட்டாளா? முடிவெடுப்பதற்கு முன்னால் கூப்பிட்டு, அவன் சொன்னதில் ஒரு வரியாவது தீர்மானத்தில் ஏறினால் வருவான். வந்தால், தன் கட்சியை மட்டுமல்ல, எதிராளி கட்சியையும் கேட்டாக வேண்டியிருக்கும். கான்டீனில் கிடைக்காத சமாசாரம் அது. அங்கே குப்பை பிரிக்கும் அக்கா எழுந்து நின்று பதில் சொல்வதில்லையே!

'எனக்கு டவுன் சார், கிராம சபை ஏது?' என்று நழுவ வேண்டாம். நகரங்களிலும் பகுதி சபை என்று ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தில் கூட்ட ஆரம்பித்தார்கள். 'சின்ன வயசு' என்றும் தப்பிக்க முடியாது. 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் மேயரானபோது ஆர்யா ராஜேந்திரனுக்கு வயது 21. காலேஜில் படித்துக்கொண்டிருந்தார்.

கிராம சபைக்கு வருஷத்தில் ஆறு நாள் குறித்திருக்கிறார்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பாதிக்கு மேல் ஆபீஸ் லீவ். ஊருக்குப் போகிறவர்கள் ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை, நூலகம் ஏன் பூட்டிக் கிடக்கிறது... எதுவானாலும் சரி. நாற்காலி போடச் சொன்னால் தாராளமாகப் போடுங்கள்.

உங்களுக்கும் சேர்த்து ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.