நட்சத்திரம் இல்லாத துருவம்

சிட்னியிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 450 கிலோமீட்டர் காரில் போனால் கூனாபராபிரன் என்ற சிற்றூர் வரும். அதையடுத்த வாரம்பங்கிள் மலைப்பகுதி, 2016-இல் ஆஸ்திரேலியாவின் முதல் இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கோலாலம்பூரில் பத்து நட்சத்திரம் தெரிந்தாலே மகிழும் நமக்கு, அங்கே ஜூலை மாத அமாவாசை இரவில் முதலில் வருவது திகைப்புதான். எது எந்த நட்சத்திரம் என்றே பிடிபடாது.

அத்தனை நட்சத்திரங்களுக்கு நடுவே, வானத்தின் தென்துருவத்தைத் தேடத்தான் போயிருந்தோம். நானும், சிட்னியில் குடியேறிவிட்ட ஈப்போ நண்பரும். பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்வதுபோல் தெரிகிறது. தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்ட் அதே வேகத்தில் பின்தொடர வேண்டுமானால், அதன் அச்சு அந்தத் துருவத்தை நோக்கி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் நட்சத்திரங்கள் கோடாக இழுபட்டுவிடும்.

வடக்கே இருப்பவர்களுக்குத் துருவ நட்சத்திரம் உண்டு. கோலாலம்பூரில் அது தொடுவானத்துக்கு மேல் 3 பாகைதான்; கட்டடங்கள் மறைத்துவிடும். தெற்கில் இருப்பது சிக்மா ஆக்டான்டிஸ். துருவ நட்சத்திரத்தின் ஒளியில் இருபதில் ஒரு பங்குகூட அதற்கு இல்லை. ஆனாலும் பிரேசில் கொடியில் இடம்பிடித்துவிட்டது!

நண்பர் முக்காலியை மட்டம் பார்த்து நிறுத்தி, அச்சை 31 பாகை சாய்த்தார். அந்த இடத்தின் அட்சரேகை அது. திசைகாட்டி காட்டும் தெற்கை அங்கே அப்படியே நம்பக்கூடாது. அதிலிருந்து 11, 12 பாகை இடப்பக்கம் திருப்ப வேண்டும். பிறகு தென்சிலுவையின் நீண்ட கையை, அதன் கால்பக்கமாக நாலரை மடங்கு நீட்டிக் காட்டினார்.

"அங்க என்ன தெரியுது?"

"ஒண்ணுமே இல்லையே."

"அதான் துருவம்!"

அதன்பின்தான் உண்மையான வேலை. மவுண்டின் அச்சுக்குள்ளேயே ஒரு சிறு தொலைநோக்கி இருக்கிறது. அதன் கண்ணாடியில் சிக்மாவும் அதன் மூன்று அண்டை நட்சத்திரங்களும் சரிவகமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். வானத்திலுள்ள நான்கையும் அந்தக் குறிகளுக்குள் கொண்டுவர வேண்டும். ஒரு திருகு மேலும் கீழும் நகர்த்தும். மற்றொன்று இடமும் வலமும். எலும்பைத் துளைக்கும் குளிரில் ஈரப்புல்லில் மண்டியிட்டு, ஆளுக்கொரு திருகாக நாற்பது நிமிடம் போராடினோம். மோட்டாரையும் தெற்குக்கு மாற்றியாக வேண்டும். துருவத்தைப் பார்த்து நின்றால், வானம் இங்கே கடிகார முள்போல வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. வடக்கே இதற்கு நேரெதிர்.

பக்கத்திலுள்ள சைடிங் ஸ்பிரிங் மலையை அன்று பகலில் பார்த்திருந்தோம். 3.9 மீட்டர் ஆடிகொண்ட ஆங்கிலோ-ஆஸ்திரேலியத் தொலைநோக்கி 1974 முதல் அங்கே நிற்கிறது. குதிரைலாட வடிவிலான அதன் ராட்சத மவுண்டின் அச்சும் இதே வெற்றிடத்தை நோக்கித்தான் சாய்ந்திருக்கிறது. 2013 ஜனவரிக் காட்டுத்தீ மலையேறி வந்தபோதும் அது தப்பிவிட்டது.

முதல் படத்துக்கு ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்தைக் குறிவைத்து, இரண்டு நிமிடம் திறந்து வைத்தோம். திரையில் வந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரம்வரை எல்லாமே ஊசிமுனைப் புள்ளிகள், ஒன்றுகூட இழுபடவில்லை. நண்பர் ஒன்றும் சொல்லாமல் நேரத்தை மூன்று நிமிடமாக்கினார்.