இரண்டாம் விதி

நூலகம் என்றதும் என் நெஞ்சில் முதலில் எழுவது, மரப் பேழைகளில் அடுக்கப்பெற்ற நூற்பட்டியல் அட்டைகளின் மணமே. முதுகலை மாணவனாக இருந்த நாளில், ‘அபிதான சிந்தாமணி’யைத் தேடி ஒரு பிற்பகல் முழுவதையும் அப்பேழைகளின் முன் கழித்தேன். அட்டை கிடைத்தது; நூல் கிடைக்கவில்லை. வேறொரு தட்டில் மாறி அமர்ந்திருந்த அதனை மறுவாரம் நூலகரே கண்டெடுத்துத் தந்தார்.

இன்று எங்கள் நூலகத்தின் அடுக்குதோறும் கருப்பும் வெள்ளையுமாய் ஒரு சிறு சதுரம் ஒட்டப்பட்டுள்ளது. அதுவே கியூ.ஆர். குறியீடு. 1994ஆம் ஆண்டில் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாகிரோ ஹாராவும் அவர்தம் குழுவினரும், வாகன உதிரிபாகங்களைக் கணக்கில் வைக்க இதனை உருவாக்கினர். 7,089 எண்கள் வரை தாங்கவல்ல இச்சதுரத்தின் மூன்று மூலைக் கட்டங்கள், எத்திசையில் நோக்கினும் கருவிக்கு வழிகாட்டும். உயர்நிலைப் பிழைதிருத்தம் அமைந்திருப்பின், ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் படிக்க இயலும். அதனுள் பொதிந்திருப்பது ஓர் இணைய முகவரியே. கைப்பேசியை அதன் நேரே காட்டினால், அவ்வடுக்கின் நூற்பட்டியலும், இரவல் சென்ற நூல் திரும்பும் நாளும், தொட்டால் நொறுங்கும் பழம்பதிப்பின் மின்படியும் கண்முன் விரிகின்றன.

சீர்காழி ஈன்ற நூலக மேதை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரம் காக்கப்பட வேண்டும் என்பது. அவ்விதியையே எடுத்துக்காட்டி, அச்சுப் பட்டியல்களை அகற்றிவிடலாம் என நூலகக் குழுவில் வாதாடியவன் நான்.

சென்ற பருவத்தில், முதலாண்டு மாணவி ஒருத்தி அடுக்கின் முன் நெடுநேரம் நின்றிருந்தாள்.

“என்னம்மா தேடுகிறாய்?” என்றேன்.

“ஒன்றுமில்லை ஐயா. தோழி வருவாள்” என்றாள்.

அவள் வீட்டிலிருக்கும் ஒரே கைப்பேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் செல்கிறார் என்பதைப் பின்னரே அறிந்தேன். தோழியின் கைப்பேசிக்காகத்தான் அவள் காத்திருந்தாள். என் நெஞ்சு சுட்டது. பேழையின் முன் பிற்பகலைத் தொலைத்த அந்தப் பழைய மாணவனை நான் எவ்வாறு மறந்தேன்?

அடுத்த குழுக் கூட்டத்தில் என் வாதத்தை நானே திரும்பப் பெற்றேன். இப்போது ஒவ்வொரு குறியீட்டின் அருகிலும் அச்சுப் பட்டியல் தொங்குகிறது. எவரும் கேட்டுப் பெறத்தக்க கையடக்கக் கணினி ஒன்று நூலகர் மேசையில் இருக்கிறது.

ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்தம் நூல் கிடைக்க வேண்டும் என்பது ரங்கநாதனின் இரண்டாம் விதி. நான்காவதைப் பற்றிக்கொண்ட நான் இரண்டாவதைக் கைவிட்டிருந்தேன். அதனை எனக்கு மீட்டுத் தந்தவள் அம்மாணவியே.