கண்ணகை என்றொரு பெயர்

வைகாசி பிறந்துவிட்டால் மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளிலும் ஒரு பெண்ணின் பெயர்தான் ஒலிபெருக்கிகளில் கேட்டுக்கொண்டே இருக்கும். எழுவான்கரையில் கல்லாறு, எருவில், மகிழூர், செட்டிபாளையம். படுவான்கரையில் மகிழடித்தீவு, முதலைக்குடா, கன்னன்குடா. வருடம் முழுவதும் சாத்தியிருந்த கோவில் கதவுகள் பல ஊர்களில் அந்த ஒரு கிழமைக்குத்தான் திறக்கும். கதவு திறத்தல், கல்யாணக்கால் நடுதல், வழக்குரை பாடுதல் என்று சடங்கு வளர்ந்து, அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்தியோடு முடியும். அந்த நாட்களில் வெல்லாவெளியிலிருந்து களுவாஞ்சிகுடிக்குப் போகும் பஸ்ஸில் இடம் கிடைப்பதே கஷ்டம். பெரியபோரதீவைத் தாண்டிப் பட்டிருப்புப் பாலத்தில் ஏறும் அந்த பஸ்ஸில் பாதிப் பேர் சடங்குக்குப் போகிற பெண்களாகத்தான் இருப்பார்கள். யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டால் “கண்ணகையம்மனிட்ட” என்பார்கள்.

அதே ஊர்களின் பள்ளிக்கூட இடாப்பை விரித்தால் அந்தப் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். டிலுக்ஷனா இருப்பாள், வினோஜா இருப்பாள், யதுர்ஷிகா இருப்பாள். கண்ணகி அபூர்வமாகவே இருப்பாள். கண்ணகை என்ற பழைய வடிவத்தில் இன்று ஒரு சிறுமியைக் காண்பது அதைவிட அபூர்வம். இவ்வளவு நேசிக்கப்படும் ஒரு பெயரைப் பெற்ற மகளுக்கு வைக்க ஊரே தயங்குவது யோசிக்கவேண்டிய விஷயம்.

பெயர் பழையது. சிலப்பதிகாரத்துக்கு வெளியிலும் அது இருந்திருக்கிறது. மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிற பேகன், கடையெழு வள்ளல்களில் ஒருவன், தன் மனைவியைப் பிரிந்து வேறொருத்தியிடம் போய்விட்டான். அந்த மனைவிக்காகக் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நான்கு புலவர்கள் அவனிடம் பரிந்து பேசிய பாடல்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை வரிசையாக நிற்கின்றன. பரிசில் வேண்டாம், அவளிடம் திரும்பிப் போ என்பதே அவர்கள் கேட்டது. பாடல்களின் அடிக்குறிப்பு அவள் பெயரைக் கண்ணகி என்கிறது. கைவிடப்பட்ட இன்னொரு மனைவி, அதே பெயரில்! மறுபக்கம், நற்றிணையின் 216ஆம் பாட்டில் வேங்கை மரத்தடியில் தன் முலையை அறுத்துக்கொண்டவளாக வருபவளின் பெயர் திருமாவுண்ணி. பெயர் ஒரு பக்கமும் கதை ஒரு பக்கமுமாக நாட்டில் உலவிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. இளங்கோவடிகளின் கையில் அவை சேர்ந்த பிறகு பிரிக்க முடியவில்லை. கண்ணாலே நகுபவள் என்று பொருள் சொல்லக்கூடிய இனிய பெயர், மதுரை எரிந்த பிறகு வேறொரு கனத்தைச் சுமக்கத் தொடங்கிவிட்டது.

அந்தக் கனத்தை அளந்து பார்க்க எளிய வழி, அதே காப்பியத்தின் மற்றப் பெண்களைப் பார்ப்பது. மாதவி என்ற பெயர் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தெருவுக்கு ஒன்று இருக்கும். மணிமேகலைக்கும் குறைவில்லை. ஊர் மெச்சிய பத்தினியின் பெயரை வைக்க அஞ்சிய பெற்றோர், அவள் வாழ்வில் குறுக்கே வந்தவளின் பெயரைத் தயக்கமில்லாமல் வைத்திருக்கிறார்கள். மாதவி இந்தியா முழுவதும் வழங்கும் பூவின் பெயர் என்பது ஒரு காரணம். பெயரோடு விதியும் ஒட்டிக்கொண்டு வரும் என்ற அச்சம் இன்னொன்று. சீதை என்று மகளை அழைக்கத் தயங்குகிறவர்கள் ஜானகி என்று அழைப்பதும் இதே அச்சத்தால்தான்.

தமிழ்நாட்டில் இந்த அச்சத்தை உடைத்தது அச்சும் மேடையும் திரையும். உ.வே. சாமிநாதையரின் சிலப்பதிகாரப் பதிப்பு 1892இல் வந்தது. 1942இல் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த ‘கண்ணகி’யில் கண்ணாம்பா பாண்டியன் சபையில் நின்று முழங்கியதைக் கேட்டவர்கள் வெகுகாலம் அதைப் பற்றிப் பேசினார்கள். 1964இல் கருணாநிதியின் வசனத்தில் ‘பூம்புகார்’ வந்தபோது விஜயகுமாரி கண்ணகியானார். சிலம்புச் செல்வர் என்று பெயர் வாங்கிய ம.பொ. சிவஞானம் தம் மகள்மாருக்குக் கண்ணகி, மாதவி என்றே பெயரிட்டார். இரண்டு பெண்களையும் ஒரே வீட்டில் அக்கா தங்கையாக வளர்த்த அந்தத் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். 1968 ஜனவரியில், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் கண்ணகிக்குச் சிலை எழுந்தது. 2001 டிசம்பரில் அந்தச் சிலை அகற்றப்பட்டதும், எழுந்த கிளர்ச்சிக்குப் பின் 2006 ஜூனில் மீண்டும் நிறுத்தப்பட்டதும் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். அங்கே கண்ணகி நீதி கேட்டவளாக, தமிழ்ப் பெண்ணாக மீட்டெடுக்கப்பட்டாள். திராவிட இயக்கத்தில் ஊறிய குடும்பங்கள் தமிழ்ச்செல்வி, மணிமேகலை என்ற வரிசையில் கண்ணகியையும் மகள்களுக்குச் சூட்டின.

யாழ்ப்பாணத்தில் நடந்தது நேர்மாறு. அங்கே பெண்களுக்கு வைப்பது இருக்கட்டும், தெய்வத்துக்கே அந்தப் பெயர் இல்லாமல் போனது. ஆறுமுக நாவலரின் சைவச் சீர்திருத்தம் சமணர் எழுதிய காப்பியத்தின் வணிகப் பெண்ணை வழிபடுவதை ஏற்கவில்லை. அதைத் தொடர்ந்த காலத்தில் கண்ணகை கோவில்கள் பல இராஜராஜேஸ்வரியாகவும் புவனேஸ்வரியாகவும் மாறின. மட்டுவில் பன்றித்தலைச்சி போன்ற சில இடங்களில் கண்ணகை என்ற பெயர் தங்கியது. முல்லைத்தீவில் வற்றாப்பளை அந்தப் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டது. கோவிலின் பெயர் மாறிய ஊரில் பேத்திக்கு வைக்க அந்தப் பெயர் எங்கிருந்து வரும்?

மட்டக்களப்பில் இந்த மாற்றம் நடக்கவில்லை. கப்புகனாரும் கட்டாடியாரும் பூசை செய்கிற, ஏட்டில் உள்ளதைத் தமிழில் பாடிச் சடங்கு நடத்துகிற முறை இங்கே நிலைத்தது. அந்த ஏட்டுப் பாட்டுத்தான் ‘கண்ணகி வழக்குரை’. கோவில் கோவிலாகப் பிரதிகளாக இருந்ததைத் தேடி எடுத்து 1968இல் அச்சில் பதிப்பித்தவர் பண்டிதர் வி.சீ. கந்தையா. வெல்லாவெளி இருக்கிற அதே போரதீவுப்பற்றின் மண்டூரைச் சேர்ந்தவர். மெரினாவில் சிலை எழுந்த அதே ஆண்டு என்பதை நினைத்துப் பார்க்கலாம். சென்னை கண்ணகியை வெண்கலத்தில் நிறுத்தியபோது மட்டக்களப்பு அவளைத் தன் பாட்டிலிருந்து புத்தகத்துக்குக் கொண்டுவந்தது.

வழக்குரையின் கண்ணகை இளங்கோவின் கண்ணகி போன்றவள் இல்லை. இங்கே அவள் பாண்டியனை அழிக்கவென்றே மாங்கனியில் தோன்றியவள். பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டு, காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கையில் வந்து சேர்ந்த குழந்தை. அவளுடைய சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கப்பலேறி, வழியில் வெடியரசன் என்ற தலைவனோடு போர் செய்கிறான். அந்தக் கடலோட்டம் வழக்குரையில் ஒரு பெரிய பகுதி. வாவிக்கரையில் இருந்து கேட்பவர்களுக்கு அது சொந்தக் கடலின் கதை. ஆகவே இந்த மண்ணில் அவள் கணவனை இழந்த பின் தெய்வமானவள் என்று யாரும் நினைப்பதில்லை. பிறக்கும்போதே தெய்வம். அவளுடைய வெக்கை தணிந்தால்தான் அம்மை நோய் தணியும், மழை பெய்யும், வேளாண்மை விளையும். மழை வேண்டிப் பாட அவள் பேரில் மழைக்காவியமே உண்டு.

தமிழ்நாட்டுத் தயக்கத்துக்கும் மட்டக்களப்புத் தயக்கத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். அங்கே விதி பற்றிய பயம். இங்கே மரியாதை. “அம்மாட பேரச் சொல்லிப் புள்ளைய ஏசேலுமா மகள்?” என்பது வீட்டு மூத்தவர்கள் கேட்கக்கூடிய கேள்வி. பிள்ளை என்றால் ஏசத்தான் வேண்டிவரும். படிக்காததற்கு ஏச வேண்டும், வெயிலில் அலைந்ததற்கு ஏச வேண்டும். அந்தப் பெயரை அப்படிக் கூப்பிட நாக்கு வருவதில்லை.

பெயர் அதற்காக மறைந்துபோகவும் இல்லை. உருமாறி வீட்டுக்குள் வந்தது. பத்தினிப்பிள்ளை என்ற பெயரைக் கிழக்கின் பழைய உறுதிகளிலும் கல்யாணப் பதிவுகளிலும் சாதாரணமாகப் பார்க்கலாம். கண்ணகைப்பிள்ளை, கண்ணம்மை என்பனவும் அப்படித்தான். பின்னால் வருகிற ‘பிள்ளை’ என்ற சொல் செய்கிற வேலை அழகானது. இவள் கண்ணகை என்று சொல்லாமல் கண்ணகையின் பிள்ளை என்று சொல்லிவிடுகிறது. தெய்வத்தின் பெயருக்கு அருகே போய், ஒரு அடி தள்ளி நிற்கிற பணிவு அது. அம்மை போட்ட நேரத்தில் நேர்ந்து பெற்ற பிள்ளைக்கும் சடங்கு நாளில் பிறந்த பிள்ளைக்கும் இப்படி வைப்பது இயல்பாகவே இருந்திருக்கும்.

இந்த மறைபெயர்களில் மிகப் புகழ்பெற்றது காரைதீவில் இருக்கிறது. அந்த ஊரின் கண்ணகை கோவில் கிழக்கிலங்கையில் பேர்பெற்றது. அங்கே சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் 1892இல் பிறந்த மகனுக்கு மயில்வாகனன் என்று பெயரிட்டார்கள். பிற்காலத்தில் அவர் சுவாமி விபுலாநந்தர். சாமிநாதையரின் சிலப்பதிகாரம் வெளிவந்த அதே ஆண்டில் பிறந்தவர், அந்தக் காப்பியத்தின் அரங்கேற்று காதையை வைத்துக்கொண்டு பழந்தமிழ் யாழ்களை மீட்டெடுக்கப் பல ஆண்டு உழைத்தார். அவர் எழுதிய ‘யாழ்நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோவிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் காலமானார். இளமையில் வைகாசி தோறும் காதில் விழுந்த வழக்குரையும் தாயின் பெயரும் அந்த உழைப்பில் எவ்வளவு கலந்திருக்கும் என்பதை அளக்க முடியாது. கலந்திருக்கும் என்று நம்பலாம்.

இதே தெய்வம் சிங்கள மக்களிடம் பத்தினி. கண்டி எசல பெரஹராவில் நாத, விஷ்ணு, கதிர்காமம் ஆகியவற்றோடு பத்தினி தேவாலயத்தின் ஊர்வலமும் வரும். கஜபாகு மன்னன் இந்த வழிபாட்டைக் கொண்டுவந்தான் என்பது அவர்கள் மரபு. சிலப்பதிகாரத்திலும் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கைக் கயவாகு வந்து நிற்கிறான். கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இரு மக்களின் சடங்குகளும் அருகருகே வருகின்றன. போரில் கிழிந்துபோன ஒரு நாட்டில் இரு மொழிக்காரரும் தாயே என்று விழுந்து கும்பிடுகிற ஒரு பெண் பெயர் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

மட்டக்களப்பில் இந்தப் பெயரைப் பற்றி அக்கறையோடு பேச இன்னொரு காரணமும் உண்டு. இங்கே குடி தாய் வழியாக வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஊர்க்கோவிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவியும் சடங்கில் ஒவ்வொரு குடிக்கும் உரிய பங்கும் அந்தக் கணக்கில்தான் நடக்கின்றன. வீடும் வளவும் சீதனமாக மகளுக்குப் போகின்றன. கல்யாணம் முடித்த மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். ஆனால் பெயருக்கு முன்னால் நிற்கிற எழுத்து தகப்பனுடையது. பதிவாளர் கந்தோரில் எழுதப்படுகிற எந்தத் தாளிலும் தாய்வழிக் குடிக்கு இடமில்லை. குடிப் பெயர் கோவிலோடும் கல்யாணப் பேச்சோடும் நின்றுவிடுகிறது. பெண் வழியாக ஒழுகிவரும் ஒரு சமூகத்தில், அந்த வழியை ஒரு தாள் காட்டக்கூடுமென்றால் அது பெண்பிள்ளைக்கு வைக்கிற பெயரில்தான் காட்ட முடியும். அம்மம்மாவின் பத்தினிப்பிள்ளை பேத்தியிடம் ஏதாவது ஒரு வடிவில் வந்தால், தாய்வழி எழுத்தில் ஏறிவிடும்.

இன்று அது நடப்பதில்லை. பஞ்சாங்கம் பார்த்து நட்சத்திரத்துக்கு எழுத்து எடுத்து, எண்சாத்திரக்காரர் சொன்ன கூட்டுத்தொகைக்கு ஒரு எழுத்தைச் சேர்த்தும் குறைத்தும், வகுப்பில் வேறு யாருக்கும் இல்லாத பெயராகத் தேடுகிறார்கள். அந்த ஆசையில் பிழை எதுவும் இல்லை. தங்கள் மகள் தனித்தவளாக இருக்கவேண்டும் என்று விரும்பாத பெற்றோர் யார்? ஆனால் யாருக்கும் இல்லாத பெயரைத் தேடி எண்சாத்திரக்காரரிடம் போகிற வழியிலேயே, வாவியைச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் வருடந்தோறும் ஒரு கிழமை இரவிரவாகப் பாடுகிற பெயர் இருக்கிறது. இடாப்பில் அது அநேகமாக யாருக்கும் இல்லை. பிறப்புப் பத்திரத்தில் எழுத வடமொழி எழுத்து ஒன்றும் தேவையில்லை. ஏசுவதற்கு வீட்டில் வேறொரு செல்லப் பெயர் வைத்துக்கொள்ளலாம். படுவான்கரையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்று இருக்கத்தானே செய்கிறது.