வீடு பார்த்தாயிற்று, தெருவைப் பார்த்தீர்களா?



ஆடி மாதம் நடக்கிறது. ஆவணி பிறந்ததும் சென்னையில் ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் காத்திருக்கும் மூன்று பேர் இந்த வாரம் என்னோடு பேசினார்கள். ஹால் எத்தனை அடி, சமையல் மேடைக்கு என்ன கல், லிஃப்ட் எந்தக் கம்பெனி என்று எல்லாம் சொன்னார்கள். "தெரு எப்படிப்பா?" என்று கேட்டால், "நல்ல ஏரியா டீச்சர்" என்பதுதான் மூவருடைய பதிலும்.

ஏரியா வேறு, தெரு வேறு. ஒரே ஏரியாவில் ஒரு தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அடுத்த தெருவில் வாசல் ஈரம் மாலைக்குள் காய்ந்துவிடும். வக்கீல் தாய்ப்பத்திரம் பார்ப்பார், வில்லங்கம் போட்டுப் பார்ப்பார், பட்டா பார்ப்பார். அதெல்லாம் அவசியம். ஆனால் மழைத் தண்ணீர் எந்தப் படி வரை ஏறும் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது. அதை நாம்தான் நடந்து பார்க்க வேண்டும். உயரம், அகலம், ஆட்கள் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் உயரம். சம உயரக் கோடு வரையச் சொன்னால் "இது எதுக்கு டீச்சர்?" என்று முனகிய பிள்ளைகளே, இதற்குத்தான். கையில் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோங்கள். கேட்டுக்கு வெளியே ஊற்றுங்கள். தெருமுனைப் பக்கம் ஓடுகிறதா, கேட்டுக்குள் வருகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பழைய வீடுகளையும் பாருங்கள். தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போகிறார்கள் என்றால், சாலை போடப் போட உயர்ந்து, வீடு பள்ளமாகிவிட்டது என்று அர்த்தம். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது அடுக்கு போட வேண்டும் என்று 2021-ல் அரசு உத்தரவு வந்தது. அதற்கு முன் உயர்ந்தது உயர்ந்ததுதான். மின் மீட்டர் பெட்டியை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்களா, காம்பவுண்டுச் சுவரில் நீளமாக ஒரு கறை ஓடுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

தெருப் பெயரும் சில சமயம் உண்மை சொல்லும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. பார்ப்பதற்கு லேக் இல்லை. அங்கே இருந்த நீண்ட ஏரியை வற்றவைத்துத்தான் 1920-களில் தி.நகரை உருவாக்கினார்கள். ஏரி, தாங்கல், குட்டை என்று பெயர் இருந்தால் உடனே ஒதுக்க வேண்டாம், கூடுதலாக நாலு கேள்வி கேளுங்கள். "இங்கே தண்ணீர் வருமா?" என்று பொதுவாகக் கேட்டால் "அதெல்லாம் வராது" என்பார்கள். "2015 டிசம்பரில் எது வரை வந்தது? 2023-ல் மிக்ஜாம் புயலுக்கு எத்தனை நாள் கரண்ட் இல்லை?" என்று கேளுங்கள். புரோக்கரிடம் வேண்டாம். இஸ்திரி வண்டிக்காரரிடமும் எதிர்வீட்டுப் பாட்டியிடமும் கேளுங்கள்.

வெள்ளம் போலவே வறட்சியும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. அந்த வருஷம் இந்தத் தெருவுக்கு வாரத்துக்கு எத்தனை லாரி வந்தது என்று கேளுங்கள். குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். 2011-ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அப்போது சேர்ந்த பகுதியென்றால், பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா, கழிவுநீர் லாரிதானா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது அகலம். புரோக்கர் உங்களைக் காலை 11 மணிக்குக் காரில் அழைத்துப்போவார். ஆபீசுக்கும் பள்ளிக்கும் எல்லோரும் போனபின் எந்தத் தெருவும் அமைதிதான். வேலை நாள் காலை 8.30-க்கு ஒரு முறை, இரவு 10 மணிக்கு ஒரு முறை நீங்களாகவே போங்கள். இரண்டு பக்கமும் கார் நின்றபின் நடுவில் மிச்சம் எவ்வளவு? 108 வண்டி உள்ளே வருமா? தீயணைப்பு வண்டி திரும்புமா?

இன்னொரு கணக்கும் போடுங்கள். தெருவில் இன்னும் எத்தனை தனி வீடுகள் மிச்சம் என்று எண்ணுங்கள். இன்று 20 தனி வீடு உள்ள தெருவில் 10 வீட்டை இடித்து எட்டெட்டு ஃபிளாட் கட்டினால், 20 குடும்பம் 90 ஆகும். காரும் ஸ்கூட்டரும் கூடும், போர் கூடும், கழிவுநீர் கூடும். தெருவின் அகலம் மட்டும் அப்படியே இருக்கும். நீங்கள் வாங்குவது இன்றைய தெருவை அல்ல, பத்து வருஷம் கழித்து இருக்கப்போகும் தெருவை.

மூன்றாவது, ஆட்கள். என் அக்கா வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். 2023 டிசம்பரில் அவள் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஆனால் கீழே பார்க்கிங்கில் இடுப்பளவு. கரண்ட் போய் லிஃப்ட் நின்றுவிட்டது. மறுநாள் அத்தானுக்கு டயாலிசிஸ். தெருமுனைப் பால்கடைக்காரரின் மகனும் இன்னும் மூன்று பையன்களும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மாடியிலிருந்து இறக்கி, மெயின் ரோடு வரை தண்ணீரில் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். மாடி உயரமாக இருந்தும் தெரு பள்ளமாக இருந்ததால் வந்த ஆபத்து அது. அத்தான் பிழைத்தது அந்தத் தெருப் பிள்ளைகளால்.

ஆகவே அங்கே யார் நடக்கிறார்கள் என்று பாருங்கள். வயதானவர்கள் மாலையில் வெளியே வருகிறார்களா? ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடிந்து ஒரு பெண் தனியாக நடந்து வருகிறாளா? தெருவிளக்கு எரிகிறதா? காய்கறி வண்டி வருகிறதா? மருந்துக்கடை நடக்கும் தூரத்தில் இருக்கிறதா? அம்மா அப்பாவை ஊரிலிருந்து அழைத்துவந்து நாலு சுவருக்குள் உட்காரவைக்கப்போகிறோமா, அவர்களும் பத்து அடி நடந்து நாலு பேரோடு பேச முடியுமா என்பதை முடிவு செய்வது தெருதான், மாஸ்டர் பெட்ரூம் இல்லை.

எல்லாம் சரியாக அமைந்த தெரு சென்னையில் கிடைக்காது. எந்தக் குறையோடு நம்மால் குடும்பம் நடத்த முடியும் என்பதுதான் கேள்வி. கார் நிறுத்த இடமில்லை என்பதை இளசுகள் சமாளிக்கலாம். லாரித் தண்ணீரைக் காசு கொடுத்துச் சமாளிக்கலாம். பள்ளத்தைச் சமாளிக்க முடியாது. வீட்டில் முடியாதவர்கள் இருந்தால் உயரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முடிந்தால் அட்வான்ஸை ஆவணியில் கொடுக்காமல் கார்த்திகை தாண்டிக் கொடுங்கள். நம் ஊருக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். "விலை ஏறிவிடும்" என்று பில்டர் அவசரப்படுத்துவார். இருபது வருஷம் கடன் கட்டப்போகிறவர் நீங்கள். ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்ப்பதில் தப்பில்லை.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தெருப் பெயரை எனக்குத் தனியாக அனுப்புங்கள். காலையில் எப்படியும் வாக்கிங் போகிறேன். ஒரு நாள் உங்கள் தெருவில் நடந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பாட்டில் தண்ணீர் என் பையில் இருக்கும்.