பேர்த் எத்தனை நாழிகை வழி?

தூரத்தைக் காலத்தால் அளந்தவர் நம் முன்னோர். ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், ஒருவன் நடந்து கடக்கும் தொலைவை ‘நாழிகை வழி’ என்றனர். வகுப்பில் இச்சொல்லை விளக்கியபொழுது, “அப்படியென்றால் பேர்த் எத்தனை நாழிகை வழி, சேர்?” என மாணவன் ஒருவன் வினவினான். அவனுடைய சிறிய தந்தையார் அந்நகரில் வாழ்கின்றார். என் தமையனாரும் அங்கேதான்.

கொழும்புக்கும் மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே நேர்வழித் தூரம் ஏறத்தாழ 5,750 கிலோமீற்றர். அது என்றும் மாறாதது. நாழிகையோ அவ்வாறன்று. 1942 இல் சிங்கப்பூர் யப்பானியர் வசமாகவே, அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான ஆகாய மார்க்கம் அறுந்தது. அதனை மீளத் தொடுக்கும் பொருட்டு 1943 முதல் 1945 வரை குவான்டாஸ் நிறுவனத்தார், பேர்த் நகரின் சுவான் ஆற்றுக்கும் காலிக்கு அண்மையிலுள்ள நம் கொக்கலை வாவிக்கும் இடையே, கற்றலினா என்னும் நீர்விமானங்களைச் செலுத்தினர். எரிபொருட் பாரம் மிகுதியாதலின் பயணிகள் மூவருக்கே இடமிருந்தது. பகைவர் செவியிற் படலாகாதன்றோ! ஆதலின் வானொலித் தொடர்பையும் துறந்தனர், விண்மீன்களே வழிகாட்டின. 27 முதல் 33 மணி நேரம் இடையில் இறங்காது பறந்தமையால், ஒரே பயணத்தில் ஞாயிற்றின் உதயத்தை இருமுறை கண்டனர். அதற்கெனப் பயணிகளுக்குச் சான்றிதழும் வழங்கப்பட்டது. முப்பது மணி என்று கொண்டால் 75 நாழிகை. மாணவன் பெரிதும் மகிழ்ந்தான்.

எங்கள் வீட்டுக் கணக்கு வேறு. 2017 இல் என் தந்தையார் இறைவனடி சேர்ந்தார். கொள்ளி வைக்கவேண்டிய மூத்த மகன் பேர்த்தில். அவர் சிங்கப்பூருக்கு வந்து, அங்கே வேறு விமானம் ஏறிக் கட்டுநாயக்காவில் இறங்கவேண்டும். இரண்டு விமானங்களிலும் பறக்கும் நேரம் ஒன்பது மணியளவே. சிங்கப்பூரிற் காத்திருப்பு ஏழு மணி. கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியே எட்டு மணி! இந்து சமுத்திரத்தைக் கடக்கும் நேரமும் புத்தளமும் வவுனியாவும் தாண்டி ஊர்வந்து சேரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாயின. கூட்டிப் பார்த்தால் 24 மணி, 60 நாழிகை. கற்றலினாவின் காலத்திலிருந்து நாம் மிச்சம்பிடித்தது பதினைந்தே நாழிகை.

பந்தலில் இருந்தோருள் ஒருவரேனும் கிலோமீற்றரை வினவினாரல்லர். “தம்பி, கொண்ணர் எத்தனை மணிக்கு வாறார்?” என்பதே எல்லோர் வாயிலும். பேர்த் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. அதனைக் கூட்டுவதா கழிப்பதா என்று பெரியப்பா விரல்விட்டு எண்ணி எண்ணி மயங்கினார். ஐயரும் சுபநேரத்தை இருமுறை மாற்றிக் குறித்தார். அம்மா மட்டும் எதுவுங் கேளாது படலையையே பார்த்திருந்தார்.

அண்ணர் விடியற்காலை நான்கு மணிக்கு வந்து சேர்ந்தார். தந்தையாரின் முகத்தைக் கண்டார். பகல் பத்து மணிக்குக் கிரியைகள் தொடங்கின.