ஹீரோவுக்கு ஞாபக மறதி!

மணவாளன் என்றால் மாப்பிள்ளை. அந்தப் பேரையே ஊர்ப்பேராக வைத்திருக்கும் திருவள்ளூர் மணவாள நகரில், கம்பெனி பஸ்ஸில் போகும் பெண்கள் செல்போனில் படிக்கிற கதைகளில் ஒரு வகை உண்டு. கோடீஸ்வர ஹீரோ, சாதாரணப் பெண், திடீர்னு கர்ப்பம். கடைசியில் ஹீரோ மனம் மாறி வந்து தாலி கட்டுவார். சுபம்!

இது ஒண்ணும் புதுசு இல்லீங்க. 1940-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்துப் படமாக வந்த சகுந்தலை கதையும் இதேதான். காட்டில் காந்தர்வ மணம் செய்த ராஜா துஷ்யந்தன், அவள் கர்ப்பமாக அரண்மனைக்கு வந்து நின்றால் "யார் நீ?" என்கிறான். காளிதாசர் சொல்லும் காரணம் துர்வாசர் சாபம், தொலைந்த மோதிரம். பாவம், ஹீரோவுக்கு ஞாபகம் இல்லையாம்!

ஆனால் மகாபாரதத்தில் வரும் பழைய கதையில் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. எல்லாம் ஞாபகம் இருந்தும் ராஜா மறுக்கிறான். சகுந்தலை மகனோடு சபையில் நின்று கோபமாக வாதாடுகிறாள்.

இன்னைக்கு வாதாட மோதிரம் வேண்டாம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவுப்படி (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125), கல்யாணம் ஆகாமல் பிறந்த குழந்தைக்கும் அப்பாவிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். அவர் மறுத்தால் கோர்ட் டி.என்.ஏ. சோதனைக்கு உத்தரவிடவும் முடியும்.

கதையை ரசிச்சுப் படிங்க, தப்பே இல்லை. ஹீரோவுக்கு ஞாபகம் வரும்வரை காத்திருக்கணும்னு மட்டும் நம்பிடாதீங்க!